கைவந்த கருவியைக் கீழே வைத்தவர்கள்

இங்கிலாந்தின் ராக் குழுவான தி க்யூரின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' ஆல்பம் 2024 நவம்பர் 1ஆம் தேதி வெளிவந்தது. அன்று ராத்திரியே ஸ்பீக்கரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து முதல் பாட்டைப் போட்டேன். 'அலோன்' என்று பெயர். கனத்து, மெதுவாக விழும் டிரம்ஸ். அதன் மேல் பனிமூட்டம் போலப் பரவும் கீபோர்டு. இழுத்து இழுத்து வரும் கித்தார். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றும் போயிற்று. குரலைக் காணோம். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையாப்பா?" என்று கேட்டார்.

"ஆரம்பிச்சாச்சும்மா. பாடறவர்தான் இன்னும் வரலை."

ராபர்ட் ஸ்மித்தின் குரல் வந்து சேர்ந்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும், "இந்த மனுஷனுக்கு அவசரமே இல்லை" என்றார். அவருக்கு ஆங்கிலப் பாட்டு பழக்கமில்லை. ஆனால் ஐம்பது வருடமாகக் கச்சேரி கேட்டவர். ஒருவர் எதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார் என்பது அவர் காதுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

அம்மா சொன்ன அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் கடந்த நான்கைந்து வருடங்களில் வந்த எலக்ட்ரானிக், ஆல்டர்நேட்டிவ் ஆல்பங்களைத் திரும்பக் கேட்டேன். எனக்கு ஒன்று தெளிவானது. மனதில் தங்கிய ஆல்பங்களில் பெரும்பாலானவை, தங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த கருவியையோ வித்தையையோ கீழே வைத்துவிட்டவர்கள் செய்தவை. தாளத்தால் பெயர் பெற்றவர் தாளத்தை விட்டார். குரலால் பெயர் பெற்றவர் குரலைத் தள்ளிப்போட்டார். இயந்திரத்தோடு வளர்ந்தவர் மூச்சுக்குத் திரும்பினார். இது ஏன் நடக்கிறது என்று பார்க்க, அவர்கள் கீழே வைத்தது என்ன என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரானிக் இசையின் முதுகெலும்பு தாளம். அதற்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று இயந்திரம். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 என்ற தாளப் பெட்டியைக் கொண்டுவந்தது. டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாத இடத்தில் உதவட்டும் என்பது நோக்கம். ஆனால் அதிலிருந்து வந்த சத்தம் உண்மையான டிரம்ஸ் மாதிரியே இல்லை. உள்ளே பதிவுசெய்த ஒலி எதுவும் கிடையாது, எல்லாம் மின்சுற்றிலிருந்து பிறக்கும் ஒலி. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம் இருக்க வேண்டிய இடத்தில் அடிவயிற்றில் இடிக்கும் ஒரு முழக்கம்; கைத்தட்டல் இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் கிழிவது போல ஒரு சத்தம். அதனால் சரியாக விற்கவில்லை. மூன்றே வருடத்தில், சுமார் 12,000 பெட்டிகளோடு, தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அது பழைய சாமான் விலைக்குக் கிடைக்க ஆரம்பித்தது. கையில் காசில்லாத இளைஞர்கள் வாங்கிப்போனார்கள். ஹிப் ஹாப், எலக்ட்ரோ, டெக்னோ எல்லாம் அந்த முழக்கத்தின் மேல் எழுந்து நின்றன.

இன்னொரு ஊற்று பழைய இசைத்தட்டு. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்துக்கு 'ஆமென், பிரதர்' என்று ஒரு பாட்டைப் பதிவுசெய்தது. நடுவில் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, டிரம்ஸ் கலைஞர் கிரெகரி கோல்மன் மட்டும் ஆறேழு வினாடி தனியாக வாசிக்கிறார். அந்த ஆறேழு வினாடியை வெட்டி, திருப்பி, வேகமாக்கி, ஆயிரக்கணக்கான பாட்டுகளில் பயன்படுத்திவிட்டார்கள். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற வகைகளே அந்தத் துண்டிலிருந்து கிளைத்தவை. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு பைசா வரவில்லை. 2006இல், வீடுகூட இல்லாத நிலையில், அவர் இறந்துபோனார். அந்தத் தாளம் எங்கே கேட்டாலும் இது என் நினைவுக்கு வந்துவிடும்.

இந்த இரண்டாவது ஊற்றிலிருந்து வந்தவர்கள்தான் போர்டிஸ்ஹெட் குழுவினர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம், 1990களின் தொடக்கம். வேலையில்லாதோருக்கு அரசாங்கம் நடத்திய ஒரு திட்டத்தின் வகுப்பில்தான் ஜெஃப் பாரோவும் பெத் கிப்பன்ஸும் சந்தித்தார்கள். 1994இல் வந்த அவர்களுடைய 'டம்மி' அடுத்த ஆண்டு, பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசை வாங்கியது. அந்த ஆல்பத்தின் தாளத்துக்கு ஒரு பழமை உண்டு; தூசி படிந்த, கீறல் விழுந்த பழமை. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. தாங்களே டிரம்ஸ் வாசித்துப் பதிவுசெய்வார்கள். அதை வினைல் தட்டாக அச்சிடுவார்கள். புதுத்தட்டு பழையதாக ஒலிக்க வேண்டுமென்று ஸ்டூடியோத் தரையில் போட்டுத் தேய்ப்பார்கள். பிறகு அந்தத் தட்டை ஓடவிட்டு, அதிலிருந்து வெட்டியெடுத்து, பாட்டு கட்டுவார்கள். அந்தக் கரகரத்த தாளத்தின் மேல் கிப்பன்ஸின் குரல், கம்பிமேல் நடப்பவர் போல நடுங்கிக்கொண்டே, ஆனால் விழாமல் வரும். ட்ரிப் ஹாப் என்று ஒரு வகையே அதனால் நிலைபெற்றது. அடுத்த பத்து வருடம் உலகமெங்கும் காபிக் கடைகளில் அதன் நகல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த பெத் கிப்பன்ஸ் 2024 மே மாதம், தன் 59ஆவது வயதில், 'லைவ்ஸ் அவுட்க்ரோன்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். தன் பெயரில் மட்டும் அவர் வெளியிட்ட முதல் பாடல் ஆல்பம் இது. பத்துப் பாட்டு, பத்து வருட உழைப்பு. தாளத்தைப் பொறுத்தவரை அவர் எடுத்த முடிவு எளிமையானது, துணிச்சலானது: அந்த உடைந்த டிரம் தாளம் வேண்டாம், பளிச்சென்று அடிக்கும் ஸ்னேர் டிரம் வேண்டாம். தன்னை ஊருக்கு அடையாளம் காட்டிய சத்தத்தையே விலக்கிவிட்டார்.

அந்த இடத்தில் என்ன வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். டாக் டாக் குழுவில் டிரம்ஸ் வாசித்த லீ ஹாரிஸ், தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்டு, கிப்பன்ஸ் மூவரும் வீட்டுச் சாமான்களைக் கையில் எடுத்தார்கள். டப்பர்வேர் டப்பா, பாயெய்யா என்ற ஸ்பானியச் சோறு சமைக்கும் அகலச் சட்டி, மாட்டுத்தோல் தண்ணீர்க் குடுவை. கிக் டிரம் இருக்க வேண்டிய இடத்தில், திரைச்சீலைகளைத் திணித்துவைத்த ஒரு பெட்டி. பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் கம்பிகளைக் கரண்டியால் தட்டினார்கள். இந்தத் தகவலைப் படிப்பதற்கு முன்பே ஆல்பத்தை நான் நாலைந்து தடவை கேட்டிருந்தேன். கேட்கும்போதெல்லாம் யாரோ பக்கத்து அறையில் நடமாடுவது போல, பரணிலிருந்து எதையோ இறக்குவது போல ஒரு உணர்வு இருந்துகொண்டே இருந்தது. விஷயம் தெரிந்ததும் புரிந்துவிட்டது. அது ஒரு வீட்டின் சத்தம். துணி அடைத்த பெட்டியைத் தட்டினால் முழக்கம் எழாது, 'தொப்'பென்று அடங்கும். ஆல்பம் முழுக்க அந்த அடங்கல் இருக்கிறது.

பாட்டுகள் எதைப் பற்றி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெருங்கியவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோவது, மாதவிடாய் நிற்கும் பருவம், உடம்பு தன் சொல்பேச்சுக் கேட்காமல் போவது. முப்பது வயதில் காதலின் வலியைப் பாடியவர் அறுபதை நெருங்கும்போது பாட வேறு விஷயங்கள் இருக்கின்றன. 'ஃப்ளோட்டிங் ஆன் எ மொமென்ட்' பாட்டில் குழந்தைகள் கூட்டமாகச் சேர்ந்து பாடுகிறார்கள். நாம் எல்லோரும் போய்ச்சேரும் இடத்தைப் பற்றித்தான் பாடுகிறார்கள். அவர்கள் குரலில் ஒரு துளி பயமில்லை. முதல் தடவை கேட்டபோது பாட்டை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பாட்டு முடியும்போது பறவைகளின் சத்தம் வருகிறது. பாட்டு போன பிறகும் அது இருக்கிறது.

கிப்பன்ஸின் குரலைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. போலந்து இசையமைப்பாளர் குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்ஃபனியில் வரும் பாட்டுகளை அவர் 2014இல் வார்சாவில் மேடையில் பாடினார். அந்தப் பதிவு 2019இல் வெளிவந்தது. அவருக்குப் போலிஷ் மொழி தெரியாது, சொற்களை ஒலியாகவே கற்றுக்கொண்டு பாடினார். ஆபரா பாடகிகளுக்கு என்று எழுதப்பட்டதை, பயிற்சி பெறாத அந்த மெல்லிய குரலில் கேட்பது வேறு அனுபவம். புதிய ஆல்பத்தின் துணிச்சலுக்கு அங்கேதான் அடித்தளம் விழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது, இந்த ஐந்து வருடத்தில் நான் அதிகம் கேட்ட ஆல்பம்: 2021 மார்ச்சில் வந்த 'பிராமிசஸ்'. ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற பெயரில் இசையமைக்கும் சாம் ஷெப்பர்ட் லண்டன் கிளப்புகளில் ஆட்டம்போட வைக்கும் இசையால் பெயர் பெற்றவர். நரம்பியலில் முனைவர் பட்டமும் வாங்கியவர். அவருடைய 2015ஆம் ஆண்டு ஆல்பமான 'எலேனியா'வைக் கேட்டுவிட்டு, இந்தப் பையனைப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் அமெரிக்க ஜாஸ் மேதை ஃபேரோ சாண்டர்ஸ். இருவருக்கும் நடுவே நாற்பத்தைந்து வருட வயது வித்தியாசம்.

ஆல்பம் மொத்தம் 46 நிமிடம், ஒன்பது பகுதிகள். தொடக்கத்தில் ஷெப்பர்ட் ஏழு சுரங்கள் கொண்ட ஒரு சிறு கோவையை வாசிக்கிறார். ஹார்ப்சிகார்ட், பியானோ, செலஸ்டா எல்லாம் கலந்த ஒரு மணியொலி. அது ஒலித்து, தேய்ந்து, மௌனமாகி, மறுபடி வருகிறது. அவ்வளவுதான். ஏறக்குறைய ஆல்பம் முழுவதும் அந்தக் கோவையே வந்துகொண்டிருக்கிறது. தாளம் கிடையாது. கிளப்பில் ஆயிரம் பேரை ஆடவைக்கத் தெரிந்தவர் 46 நிமிடமும் தாளத்தை விட்டுவிட்டார். அந்த மௌனங்களுக்குள் சாண்டர்ஸின் சாக்ஸபோன் நுழைகிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் நாதஸ்வரச் சீவாளி போன்ற அதன் ரீடில் காற்று உரசுவதும், வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் அவர் தயங்குவதும் தெரியும். நான்காம் பகுதியில் அவர் சாக்ஸபோனையும் இறக்கிவைத்துவிட்டு, வாயால் முணுமுணுக்கிறார். சொல் இல்லை, ராகமென்று சொல்லும்படியும் இல்லை. தூளியில் தூங்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு தாத்தா தனக்குத்தானே ஏதோ பேசிக்கொள்வது போல இருக்கும். ஆறாம் பகுதியில் லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின்கள் கடலலை போல எழும்பி வருகின்றன.

கர்நாடக இசை கேட்பவருக்கு இதில் ஒரு இடம் பிடிபடும். தம்புராவின் சுருதி எப்படிப் பாடுபவருக்கு ஓர் அறையைக் கட்டித் தருகிறதோ, அப்படி இந்த ஏழு சுரமும் சாண்டர்ஸுக்கு ஓர் அறையைக் கட்டித் தருகிறது. இது என் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் மனைவியும் ஹார்ப் கலைஞருமான ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அதில் பின்னணியாக ஓடுவது தம்புரா. மேலே சோப்ரானோ சாக்ஸபோன் வாசித்தவர் இதே சாண்டர்ஸ். தலைப்பில் இருக்கும் சச்சிதானந்தர் நம் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய அதே சுவாமி. ஐம்பது வருடம் கழித்து, எண்பதை எட்டிய சாண்டர்ஸ் மறுபடி ஒரு நிலைத்த ஒலியின் மேல் அமர்ந்து வாசித்திருக்கிறார். இளமையில் அவருடைய சாக்ஸபோன் அலறும். அந்த அலறலுக்குத்தான் அவர் பேர்போனவர். 'பிராமிசஸ்' ஆல்பத்தில் அந்த அலறல் ஓரிரு இடத்தில் தலைகாட்டிவிட்டு அடங்கிவிடுகிறது.

2022 செப்டம்பரில் சாண்டர்ஸ் காலமானார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பௌல் அரங்கில், இந்த இசை முதன்முறையாக மேடையில் முழுவதும் வாசிக்கப்பட்டது. அவர் இடத்தில் நின்று வாசித்தவர் சாக்ஸபோன் கலைஞர் ஷபாக்கா ஹட்சிங்ஸ்.

கருவியைக் கீழே வைப்பது வயதானவர்களின் காரியம் மட்டும்தானா என்று கேட்கலாம். இல்லை. 2000இல் ரேடியோஹெட் குழு 'கிட் ஏ'வில் கித்தாரை ஓரங்கட்டிவிட்டு கீபோர்டையும் தாள இயந்திரத்தையும் முன்னால் கொண்டுவந்தபோது அவர்களில் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அப்போது அவர்களைத் தள்ளியது புகழ் தந்த சலிப்பு. அதே குழுவின் தாம் யார்க்கும் ஜானி கிரீன்வுட்டும் டிரம்ஸ் கலைஞர் டாம் ஸ்கின்னரோடு சேர்ந்து தி ஸ்மைல் என்ற பெயரில் 2024 ஜனவரியில் 'வால் ஆஃப் ஐஸ்' ஆல்பத்தைத் தந்தார்கள். அதில் கித்தார் திரும்பி வந்திருக்கிறது. எட்டு நிமிடம் ஓடும் 'பெண்டிங் ஹெக்டிக்' பாட்டில் கிரீன்வுட் கம்பியை இழுத்து இழுத்துச் சுரத்தைச் சறுக்கவிடுகிறார். நம் காதுக்கு அது கமகத்தின் தூரத்துச் சொந்தம் போலக் கேட்கும். மலைப்பாதையில் கார் ஓட்டிப்போகும் ஒருவன் ஸ்டியரிங்கை விட்டுவிடலாமா என்று நினைப்பதுதான் பாட்டு. வயலின்கள் ஒன்றாகச் சேர்ந்து மேலே ஏறிக்கொண்டே போய், ஓர் உச்சியில் கித்தார் வெடிக்கும். அந்த ஒரு பாட்டுக்காக மொத்த ஆல்பத்தையும் வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் சில எனக்கு ஒட்டவில்லை.

சரி, தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள்? ஜேமி எக்ஸ்எக்ஸ் 2015இல் தந்த 'இன் கலர்' எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம். ஒன்பது வருடம் கழித்து 2024 செப்டம்பரில் 'இன் வேவ்ஸ்' வந்தது. கேட்கும்போது கால் தானாக ஆடுகிறது, அதில் குறையே இல்லை. 'வெய்ட்டட் ஆல் நைட்' பாட்டில் அவருடைய தி எக்ஸ்எக்ஸ் குழுவின் கூட்டாளிகள் ரோமியும் ஆலிவர் சிம்மும் வந்து பாடுவது பழைய நண்பர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்த மாதிரி நிறைவாக இருக்கிறது. ஆனால் ஆல்பம் முடிந்த பிறகு நினைவில் நிற்பது பளபளப்புதான். ஒன்பது வருட இடைவெளி பாட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கடைசிப் பாட்டில், நடனக் கலைஞர் ஊனா டோஹர்ட்டி பேசும் இடத்தில் மட்டும் அது கொஞ்சம் தட்டுப்பட்டது.

கரிபு என்ற பெயரில் இசையமைக்கும் டான் ஸ்னெய்த்தின் 'ஹனி'யும் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. பாடும் குரல்கள் அவருடையவையே, ஆனால் பலவற்றைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வேறு ஆட்களின் குரல் போல மாற்றியிருக்கிறார். இது சரியா தவறா என்று பெரிய விவாதம் நடந்தது. நெறி சார்ந்த கேள்வியை விட்டுவிட்டு, கேட்பவனாக மட்டும் சொல்கிறேன். ஸ்னெய்த்தின் சொந்தக் குரல் மெலிந்தது, கூச்சமுடையது. முந்தைய ஆல்பமான 'சடன்லி'யில் குடும்பத்து இழப்புகளை அந்தக் கூச்சத்தோடுதான் பாடினார், அதனால்தான் அது உள்ளே இறங்கியது. 'ஹனி'யில் குரல்கள் அழகாக இருக்கின்றன, பாடுகிற ஆளைக் காணோம். இவர் கீழே வைத்தது தன்னிடம் இருந்ததிலேயே விலை மதிப்பானதை என்று எனக்குப் படுகிறது.

கடைசியாக ரியூயிச்சி சகாமோட்டோ. அந்த 808 பெட்டியை முதன்முதலில் எடுத்தாண்ட குழுக்களில் ஒன்று ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா. 1978இல் ஹருஓமி ஹொசோனோ, யுகிஹிரோ தகஹாஷி இருவரோடும் சேர்ந்து அதைத் தொடங்கியவர் அவர். பின்னால் அமெரிக்காவின் எலக்ட்ரோ இசைக்காரர்களும் ஹிப் ஹாப் இசைக்காரர்களும் அவர் தாளங்களைக் கேட்டுத்தான் பாடம் படித்தார்கள். 2014இல் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. பிறகு 2020இல் மலக்குடலில். பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர், சக்தி இருந்த நாட்களில் மட்டும் சின்தசைசர் முன்னாலோ பியானோ முன்னாலோ உட்கார்ந்து, நாட்குறிப்பு எழுதுவது போல வாசித்துப் பதிவுசெய்தார். அவற்றிலிருந்து பன்னிரண்டை எடுத்து, '12' என்றே பெயர் வைத்து, தன் 71ஆவது பிறந்தநாளான 2023 ஜனவரி 17 அன்று வெளியிட்டார். பாட்டுகளுக்குத் தலைப்புக்கூட இல்லை, பதிவுசெய்த தேதிதான் பெயர். அந்த ஆல்பம் வருவதற்கு ஆறு நாள் முன்பு தகஹாஷி இறந்தார். சகாமோட்டோ மார்ச் 28இல் போனார்.

'12' ஆல்பத்தில் பியானோவோடு சேர்ந்து அவருடைய மூச்சும் கேட்கிறது. பின்னணியில் எங்கோ என்று சொல்ல முடியாது, நன்றாகவே கேட்கிறது. ஒரு சுரத்தை அழுத்துகிறார்; அது கரையும்வரை காத்திருக்கிறார்; உள்ளிழுக்கும் மூச்சு மூக்கில் உரசி வருகிறது; அடுத்த சுரம். ஒலிப்பதிவுக் கலையில் கரைகண்டவர் அதைத் துடைத்தெடுக்க நினைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. விட்டுவைத்திருக்கிறார். என் அப்பா கடைசி மாதங்களில் முன்னறையில் படுத்திருந்தபோது, வேலை முடிந்து ராத்திரி வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் கவனிப்பது அந்தச் சத்தத்தைத்தான். அதனால் இந்த ஆல்பத்தை என்னால் எல்லா நாளும் போட முடிவதில்லை.

பன்னிரண்டாவது பதிவின் பெயர் '20220304'. பியானோ இல்லை, சின்தசைசர் இல்லை, மூச்சும் இல்லை. மணிகள் மட்டும், காற்று தானாக வந்து அசைத்த மாதிரி, ஒரு நிமிடம் போல ஒலித்துவிட்டு நிற்கின்றன. போன வாரம் அதைப் போட்டபோது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.